பாவாயி வீட்டு உப்பு

பாவாயிக்குச் சமைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அவள் வெங்காயம் வதக்கினால் தெருவில் போகிறவன் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் போவான். குழம்பு கொதிக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். இறக்கப் போகிற நேரத்தில் அவள் கை உப்புச் சட்டிக்குப் போகும். ஒரு கை அள்ளிப் போடுவாள். அவ்வளவுதான், அந்தக் குழம்பு கெட்டது. வாயில் வைத்தவன் தண்ணீர்ச் சொம்பைத் தேட வேண்டியதுதான்.

"ஏன் இப்படிப் பண்றே?" என்று புருஷன் நாச்சிமுத்து கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டான்.

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு யாராவது சொல்லிப்போடுவாங்க."

"சொன்னா என்ன?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனுக்கும் பதில் தெரியும். தெரிந்தும் கேட்பான், பாவம், நாக்கு அப்படி எரியும்.

ஆற்றோரத்துக் கோரையைக் கிழித்துக் காயவைத்துச் சாயமேற்றிப் பாய் நெய்வதுதான் அந்த வீட்டுத் தொழில். மயிலும் பூவும் பாவாயி கைக்கு அப்படி வரும். ஆனால் அவள் நெய்த எந்தப் பாயை எடுத்தாலும், எங்கேயாவது ஓரிடத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு கறுப்புக் கோரை குறுக்கே ஓடும். மயிலின் மேலேயே ஓடும். அதுவும் உப்புப் போட்ட அதே கைதான்.

பிள்ளைக்குப் பேர் வைத்ததும் அந்தக் கைதான். குப்பாயி.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாவாயிக்கு முதலில் இரண்டு பையன்கள். பொன்னுரங்கம், மாணிக்கம். ஒருநாள் பணியாரம் சுட்டு, சுடச்சுடத் தட்டில் போட்டு, புருஷனும் பிள்ளைகளும் போட்டி போட்டுத் தின்று, வீடே சிரிப்பாய்க் கிடந்தது. பாவாயியும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். வழியில் போன யாரோ எட்டிப் பார்த்து, "உன்ற வீட்டைப் பார்த்தா எனக்கே ஆசையா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. இரண்டு பேரையும் கொண்டு போயிற்று. மூத்தவனுக்கு ஏழு வயது.

அதற்குப் பிறகு பிறந்தவள்தான் இந்தப் பெண். பிறந்த ஈரம் காயுமுன்பே ஊர்க் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு ராக்கியக்கா, "எனக்கு ஒண்ணு கிடைச்சுது" என்று எடுத்துக்கொண்டாள். பாவாயி ஒரு முறம் தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கினாள். குப்பையில் கிடந்ததை, தவிட்டுக்கு வாங்கியதை, எமன் கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது கணக்கு. அந்தப் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் அதுதான் வழக்கம். மற்ற வீடுகளில் பேரோடு அது முடிந்துவிடும். பாவாயி விடவில்லை. கன்னத்தில் நெல்லிக்காய் அளவு மை. கண்ணே, மணியே என்று ஒரு சொல் கிடையாது. மடியில் போட்டுக் கொஞ்சினது கிடையாது. "எங்கிருந்து வந்தே?" என்று கேட்டால், "குப்பையிலிருந்து" என்று பிள்ளை பாடம் ஒப்பிக்கும்.

வருகிற ஐப்பசிக்கு அவளுக்கு ஏழு.

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் இலுப்பைத்தோப்பு. அங்கே ஒரு சாமி இருந்தார். பாவாயி வயதுதான் இருக்கும். ஆள் கொஞ்சம் தடி, சாப்பாட்டில் ஆசை, எதைப் பார்த்தாலும் "நல்லா இருக்குது" என்கிற வாய். மழை வந்தால் நல்லா இருக்குது, வெயில் அடித்தால் நல்லா இருக்குது. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பாவாயி திரும்பி நின்று தூ தூ என்று துப்பிவிடுவாள். சீடர்கள் என்று சொல்லிக்கொள்ள நாலைந்து பேர் உண்டு. பாவாயி சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தினமும் விடியலில் பரிசல் ஏறி வந்து தோப்பைக் கூட்டுகிறவள் அவள்தான். அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது.

ஆடியில் ஒருநாள் சாமிக்குச் சோறு கொண்டுவரும் முறை பாவாயி வீட்டினது. கத்தரிக்காய்க் குழம்பு. சாமி பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"உப்பு ஒரு கை கூட."

"ஆமாங் சாமி."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க."

சாமி முழுச் சோற்றையும் தின்றார். தண்ணீரும் நிறையக் குடித்தார்.

பாவாயி இலையை எடுத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். "சாமி, எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எதுக்கு?"

"புள்ளை சிரிச்சாப் பயமா இருக்குது. அவ தூங்கினா மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்க்கறனுங்க. குழம்பு நல்லா வந்தாப் பயமா இருக்குது. பாயில மயில் நல்லா விழுந்துட்டா கறுப்புக் கோரையைத் தேடறனுங்க. வர்ற ஐப்பசிக்கு அவளுக்கு ஏழு. நான் செத்துக்கிட்டு இருக்கேன் சாமி. இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

சாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு கயிறு மந்திரிச்சுக் குடுங்க. அவ கையில கட்டிப்போடறேன்."

"குடுக்கலாம்" என்றார் சாமி. "உப்பு அளவாப் போட்ட குழம்பு ஒரு வேளைக்குக் கொண்டா. கயிறு தர்றேன்."

இது என்ன பெரிய விஷயம் என்று நாம் நினைப்போம். பாவாயியும் அப்படி நினைத்துக்கொண்டுதான் மறுநாள் அடுப்பு மூட்டினாள். பருப்பு வெந்தது. தாளிப்பு விழுந்தது. உப்பை அளந்து போட்டாள். போட்டுவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். இறக்குகிற வரைக்கும் அசையக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

குப்பாயி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். "அம்மா, வாசமா இருக்குது."

பாவாயிக்குக் கண் இருட்டியது. அடுத்த நிமிஷம் பார்த்தால் உப்பு குழம்பில் கிடந்தது.

தோப்பில் சாமி ஒரு வாய் தின்றார். "நாளைக்குப் பார்ப்போம்."

நாளைக்கும் அதுதான். அடுத்த நாளும் அதுதான். சாமி வயிறும் தாங்கும் அளவு தாங்கியது. ஆடி போய் ஆவணி வந்தது. புரட்டாசியில் மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. கயிறு வந்தபாடில்லை.

அந்தச் சமயத்தில்தான் குப்பாயி கிளி நெய்தாள்.

அப்பன் இரண்டு குச்சி கட்டி ஒரு சின்னத் தறி செய்துகொடுத்திருந்தான். அம்மாவுக்குத் தெரியாமல் மாட்டுக்கொட்டகையில் வைத்து, விழுந்த துண்டுக் கோரைகளைப் பொறுக்கிப் பொறுக்கி அந்தப் பெண் நெய்திருக்கிறது. ஒரு முழம் அகலம்கூட இருக்காது. பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிற கிளி. அந்தச் சாய்வை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகப் பார்த்துப் பிடித்தது.

மத்தியானம் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "அம்மா, கிளி."

பாவாயி பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. அதை அவளே உணர்ந்தாள். உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

போதாததற்கு ராக்கியக்கா அப்போது படியேறி வந்தாள். "அடி ஆத்தி, இந்த வயசுல என்ன கை இது" என்று மோவாயில் விரல் வைத்தாள்.

பாவாயி பாயை வெடுக்கென்று பிடுங்கினாள். "குப்பையில கிடந்தது குப்பையைத்தானே நெய்யும்" என்றாள். கீழே கிடந்த ஒரு கறுப்புக் கோரையை எடுத்தாள். கிளியின் கழுத்துக்குக் குறுக்கே செருகி இழுத்தாள். "இப்பச் சரியாப் போச்சு" என்று பிள்ளையிடம் நீட்டினாள்.

ராக்கியக்கா வாயை மூடிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

குப்பாயி அழவில்லை. கிளியையும் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் கை ஏன் இப்படி நடுங்குது?"

"உன்னாலதான்" என்றாள் பாவாயி. "உன்னைப் பார்த்தாலே எனக்கு நடுங்குது. போ அக்கட்டால."

குப்பாயி பாயை எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாய்ந்தது. மாடு வீடு திரும்பியது. ராக்கியக்கா வீட்டுப் பிள்ளைகள் திரும்பின. குப்பாயி வரவில்லை.

முதலில் பாவாயி வாசலில் நின்று கூப்பிட்டாள். பிறகு தெருமுனையில் நின்று கூப்பிட்டாள். பிறகு தலைமுடி அவிழ ஓட ஆரம்பித்தாள். கொட்டகையில் இல்லை. கிணற்றடியில் இல்லை. பரிசல்துறையில் யாரோ சொன்னார்கள், மத்தியானத்துக்கு மேலே ஒரு சின்னப் பெண் கையில் பாயோடு கரைமேல் நடந்து போயிற்று என்று. நாச்சிமுத்து கோரைக்காட்டுக்குள் இறங்கினான். ஊர் ஆம்பிளைகள் மூங்கில் கழியோடு ஆற்றில் இறங்கினார்கள். மேலே எங்கேயோ பெய்த மழையில் தண்ணீர் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கழியும் தண்ணீரில் இறங்கும்போது பாவாயியின் உயிர் கூடவே இறங்கிற்று. ஒவ்வொன்றும் வெறுமனே மேலே வந்தது.

நான் செருகின கோரை. அதுதான் அவள் மனதில் ஓடியது. கழுத்துக்குக் குறுக்கே நானே செருகினேன்.

அவளுக்குப் போக வேறு இடம் தெரியவில்லை. பரிசல் ஏறினாள்.

சாமி கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். பாவாயி அவர் காலடியில் விழுந்தாள்.

"புள்ளையைக் காணோம் சாமி."

சாமி எழுந்து நின்றார். "எங்கே தேடினீங்க?"

"ஆத்துல தேடறாங்க. கோரைக்காட்டுல தேடறாங்க. எமன் வந்துட்டான் சாமி, ஐப்பசிக்குக்கூடக் காத்திருக்கலே."

"அழாதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு. புள்ளை எங்கிருந்து வந்ததுன்னு அதுக்குச் சொல்லி வளர்த்தே?"

"குப்பையிலிருந்து" என்றாள் பாவாயி. சொன்ன வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"வெசனப்பட்டது போதும்" என்றார் சாமி. "நட."

குப்பைமேடு ஊருக்கு வடக்கே இருந்தது. பரிசலில் இக்கரை வந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்தி மங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து நாய்கள் மேட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. சாம்பலுக்கும் சாணிக்கும் நடுவில், கிளிப் பாயை விரித்து, அதன் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு குப்பாயி உட்கார்ந்திருந்தாள். நாய்களைப் பார்த்து அவளுக்கும் பயம்தான். நகராமல் இருந்தாள்.

பாவாயி ஓடினாள். நாய்கள் விலகின.

"வராதே அம்மா" என்றாள் குப்பாயி.

"ஏன் கண்ணு?"

அந்தச் சொல்லை அவள் அந்தப் பிள்ளையிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. குப்பாயிக்கு யாரைக் கூப்பிடுகிறாள் என்று விளங்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இங்கேயே இருந்துக்கறேன். ராக்கிப் பெரியம்மா தவிட்டைத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"ஏண்டி அம்மிணி இப்படிச் சொல்றே?"

"நான் வீட்டுல இருந்தா உனக்குக் கை நடுங்குதில்ல. இங்கே இருந்தா நடுங்காது."

பாவாயி குப்பையில் மண்டியிட்டாள். பிள்ளையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு கனமாகிவிட்டாளா என்று அப்போதுதான் தெரிந்தது. தூக்கிப் பார்த்தே எவ்வளவோ காலம் ஆயிற்று. தலையில் வெயில் வாசம் அடித்தது. அவளுக்கு உள்ளே பொங்கிக்கொண்டு சந்தோஷம் வந்தது. கூடவே அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்தது.

சாமி மேட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். "எனக்குப் பசிக்குது" என்றார். "கிழங்கு அக்கரையில கருகியிருக்கும். உன்ற வீட்டுலயே சாப்பிட்டுக்கறேன்."

வீட்டில் அடுப்பு எரிந்தது. நாச்சிமுத்து ஈர வேட்டியோடு சுவரோரம் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். விட்டால் போய்விடுவாள் போல. கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. பாவாயி உப்பை அளந்து போட்டாள். இறக்குகிற நேரம் வந்தது. கை மறுபடியும் உப்புச் சட்டிக்குப் போயிற்று.

குப்பாயியின் கண் அந்தக் கையோடு போயிற்று.

பாவாயி உப்புச் சட்டியை அப்படியே தூக்கினாள். புருஷனிடம் கொடுத்தாள். "இதைக் கொண்டுபோய் வெளியில வெச்சுட்டு வாங்க" என்றாள்.

இலை போட்டாள். சாமி, நாச்சிமுத்து, குப்பாயி மூவரும் உட்கார்ந்தார்கள். பாவாயி பரிமாறினாள். யாரும் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் நல்லா இருக்குது என்கிற சாமிகூட வாயை மூடிக்கொண்டு தின்றார். தண்ணீர்ச் சொம்பை ஒருவரும் தொடவில்லை. நாச்சிமுத்து இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது, இந்தத் தடவை உப்பினால் அல்ல.

குப்பாயி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நல்லா இருக்குதுன்னு சொல்லலாமா?"

பாவாயிக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"சொல்லு கண்ணு."

"நல்லா இருக்குது."

எங்கேயோ கூரையில் ஒரு பல்லி கத்தியது. பாவாயி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வெளியே காற்றடிக்கிற சத்தம் கேட்டது. மழை வரப்போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஐப்பசி. உப்பு வெளியே கிடக்கிறது. பிள்ளை கன்னத்து மை பாவாயியின் கண்ணீரில் கரைந்து போயிருந்தது. கறுப்புக் கோரையை வருகிற வழியிலேயே பிள்ளை உருவிப் போட்டுவிட்டாள். மறைக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை.

"சாமி" என்றாள். "உப்பு அளவாப் போட்டுட்டேன். கயிறு குடுங்க."

"என்கிட்ட ஏது கயிறு?"

"தர்றேன்னு சொன்னீங்களே."

"நீ எங்கே அளவாப் போடப்போறேங்கிற தைரியத்துல சொல்லிட்டேன்."

பாவாயிக்குக் கோபம் வரவில்லை. "அப்போ எம்புள்ளை நல்லா இருப்பாளா, அதையாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

நாச்சிமுத்து சாப்பிடுவதை நிறுத்தினான். குப்பாயி மட்டும் குழம்பை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குது சாமி. முன்னைவிட அதிகமா இருக்குது."

சாமி இடது கையை நீட்டி, மூலையில் கிடந்த வாழையிலைக் கட்டில் ஓர் இலையை உருவினார். தண்ணீர் தெளித்துத் தனக்குப் பக்கத்தில் போட்டார்.

"இது யாருக்குங் சாமி?"

"உன்ற பயத்துக்கு. இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்குது. எங்கே போகச் சொல்றே? வந்து உட்காரட்டும்."

பாவாயி அந்த வெறும் இலையைப் பார்த்தாள்.

"உட்கார்ந்தா?"

"சோறு போடு" என்றார் சாமி. "கரண்டியை மட்டும் அது கையில குடுத்துடாதே."